ஏரியில் சாக்கடை கலந்தால் எந்தக் கதவைத் தட்டுவது? பெங்களூருத் தமிழர்களுக்கு ஓர் ஒப்பீடு

"எங்கள் லே-அவுட்டை ஒட்டிய ஏரியில் சாக்கடை கலக்கிறது. நாற்றமும் கொசுவும் தாங்கவில்லை. எம்.எல்.ஏ.விடம் போவதா, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுவதா, நேராகக் கேஸ் போடுவதா? இல்லை, அடுத்த எலெக்‌ஷனில் ஆட்சி மாறட்டும் என்று காத்திருப்பதா?"

கே.ஆர்.புரம், ஹொரமாவு, பெல்லந்தூர், அல்சூர் என்று ஏரியின் பெயர் மாறுமே தவிர, பெங்களூருவிலிருந்து வரும் கேள்வி இதுதான். அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் இதை எழுப்பினால் பத்தாவது மெசேஜுக்குள் கட்சிச் சண்டையாகிவிடும். அதனால் இங்கே ஒவ்வொரு வழியையும் தனித்தனியே எடை போட்டுப் பார்க்கலாம்.

எதை வைத்து எடை போடுவது

முதலில், நமக்கு என்ன வேண்டும் என்று தெரிய வேண்டும். அரசு காசு போட்டு ஒரு வேலை நடக்க வேண்டுமா? (சாக்கடைக் குழாய், சுத்திகரிப்பு நிலையம்.) நடக்கப்போகிற ஒரு வேலை நிற்க வேண்டுமா? (மேம்பாலம், மரம் வெட்டு, பில்டரின் புது பிளாக்.) அல்லது, இருக்கிற விதி தளராமல் இருக்க வேண்டுமா? மூன்றுக்கும் ஒரே மனுவைத் தூக்கிக்கொண்டு அலைவதால்தான் பாதிப் பேர் அலுத்துப்போகிறார்கள்.

அடுத்தது காலமும் கைக்காசும். அதற்கும் மேலே, பலரும் கேட்க மறக்கும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கிடைத்த பலன் ஆட்சி மாறினாலும் நிற்குமா? அந்தப் பலனுக்கு வேறு யாராவது விலை கொடுக்கிறார்களா?

ஆட்சி மாறினால் ஏரி மாறுமா

கேள்வியின் கடைசிப் பகுதியை முதலில் முடித்துவிடலாம். கர்நாடகத்தில் 2013 முதல் 2018 வரை காங்கிரஸ், அதன்பின் 2019 ஜூலை வரை ஜே.டி.எஸ்.-காங்கிரஸ் கூட்டணி, 2023 மே வரை பா.ஜ.க., பிறகு மறுபடி காங்கிரஸ். எல்லாரும் ஆண்டு பார்த்தாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

மரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2016-ல் பசவேஸ்வரா சர்க்கிளிலிருந்து ஹெப்பாளுக்கு 6.7 கிலோமீட்டர் இரும்பு மேம்பாலம் கட்டக் காங்கிரஸ் அரசு கிளம்பியது. வெட்டப்பட வேண்டிய மரங்கள் 812. மரங்களுக்காகக் குரல் கொடுத்த கட்சி பா.ஜ.க. 2019 தொடக்கத்தில் கூட்டணி அரசு உயர்த்தப்பட்ட சாலைத் திட்டத்தைக் கையில் எடுத்தது. மறுபடி தெருப் போராட்டம். 2023 தொடக்கத்தில் சாங்கி ஏரியோரம் மேம்பாலம் என்ற பேச்சு வந்தபோது ஆண்டது பா.ஜ.க.; மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றவர்கள் மல்லேஸ்வரம் மக்கள். இப்போது ஹெப்பாள்-சில்க் போர்டு சுரங்கச் சாலை. திட்டம் காங்கிரஸ் அரசினுடையது, லால்பாக்கைக் காப்பாற்றக் கிளம்பியிருப்பது பா.ஜ.க. நாற்காலி மாறும்போது மரப்பாசமும் இடம் மாறிக்கொள்கிறது.

ஏரிக்கரைக் கதை இன்னும் விவரமானது. ஏரியைச் சுற்றி 30 மீட்டர் கட்டடம் கூடாது என்பது பெங்களூரு மாஸ்டர் பிளான் விதி. 2016 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை 75 மீட்டராக்கியது. ராஜகாலுவே எனப்படும் பெரிய மழைநீர் வாய்க்கால்களுக்கும் இடைவெளியைக் கூட்டியது. காங்கிரஸ் அரசு அதை எதிர்த்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது, பில்டர்களும் போனார்கள். 2019 மார்ச்சில், கூட்டணி ஆட்சியின்போது, 75 மீட்டர் ரத்தானது. அடுத்து நாலு வருஷம் ஆண்ட பா.ஜ.க.வும் சட்டம் போட்டு அதைத் திரும்பக் கொண்டுவரவில்லை. 2025 ஆகஸ்டில் காங்கிரஸ் அரசு, ஏரியின் பரப்பைப் பொறுத்து இடைவெளியை இன்னும் குறைக்கும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றியது. இதற்கிடையே ஏரிகளைக் காக்கவென்றே 2014 சட்டத்தில் உருவான தனி ஆணையத்தை 2018-ல் கலைத்ததும், அதை உருவாக்கிய அதே காங்கிரஸ் அரசுதான்.

பன்னேர்கட்டா காட்டைச் சுற்றிய பாதுகாப்பு வளையம் 2016 வரைவில் 268.96 சதுர கிலோமீட்டர். 2018 நவம்பர் வரைவில் 168.84 ஆகச் சுருங்கியது. அப்போது மத்தியில் பா.ஜ.க., மாநிலத்தில் கூட்டணி. 2020 மார்ச்சில் அதே குறைந்த அளவு இறுதியானபோது இரண்டு இடத்திலும் பா.ஜ.க. மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்க வழி சொன்ன கஸ்தூரிரங்கன் அறிக்கையையும் பெங்களூருவில் யார் ஆண்டாலும் வேண்டாம் என்றே சொல்லி வந்திருக்கிறார்கள்; 2024 செப்டம்பரில் கடைசியாக மறுத்தது காங்கிரஸ் அமைச்சரவை.

மேகதாது வேறு ரகம். அணை வந்தால் முழுகுவது சுமார் 5,000 ஹெக்டேர், அதில் பெரும்பகுதி காவிரி வனவிலங்கு சரணாலயம். 2022 ஜனவரியில் காங்கிரஸ் பாதயாத்திரை போனது. அதே வருஷ மார்ச் பட்ஜெட்டில் பா.ஜ.க. அரசு 1,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. அங்கே கட்சிகளுக்குள் போட்டி இருந்தது, கருத்து வேறுபாடு இல்லை. இதில் நம்மவர்கள் பஸ் ஸ்டாப்பில் வாயைத் திறப்பதில்லை. அதற்கான காரணம் பெங்களூருத் தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்படியானால் கட்சி ஒரு பொருட்டே இல்லையா? இருக்கிறது, ஆனால் நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. சந்தூர் தேவதாரி இரும்புச் சுரங்கத்தைப் பாருங்கள். 2024 ஜூனில் மத்திய எஃகு அமைச்சராக, பா.ஜ.க. கூட்டணியிலுள்ள ஜே.டி.எஸ்.ஸின் குமாரசாமி அந்தச் சுரங்கக் கோப்பில் கையெழுத்துப் போட்டார். மாநிலக் காங்கிரஸ் அரசின் வனத்துறை அமைச்சர் ஈஸ்வர் கண்ட்ரே, காட்டு நிலத்தை ஒப்படைக்காதீர்கள் என்று அதிகாரிகளுக்கு உத்தரவிட்டார். பெங்களூருவில் மத்திய அரசு நிறுவனமான எச்.எம்.டி. வசமிருக்கும் வன நிலத்தை மீட்க வேண்டும் என்று அதே வனத்துறை கிளம்பியதும் அதே காலத்தில்தான், எதிரே நின்றவரும் குமாரசாமியே. மத்தியில் ஒரு கூட்டணி, மாநிலத்தில் அதன் எதிர்க்கட்சியின் ஆட்சி என்று பிளவு இருக்கும்போது காட்டுக்குத் திடீரென்று ஒரு வக்கீல் கிடைக்கிறார். ஒரே கட்சி இரண்டு இடத்திலும் அமர்ந்தால் அந்த வக்கீல் லீவில் போய்விடுகிறார். என் கணக்கில், எந்தக் கட்சி பசுமையானது என்று தேடுவது வீண். இரண்டு கட்சிகள் முட்டிக்கொள்ளும் இடம் எது என்று தேடினால் பலன் உண்டு.

இன்னொரு இடமும் இருக்கிறது. எந்தத் தொகுதிக்கு எவ்வளவு நிதி, வாரியத் தலைவர் யார், எந்த அதிகாரிக்கு மாற்றல் என்ற அன்றாடப் பிடி முழுக்கக் கட்சியின் கையில். ஆட்சி மாறும் ஒவ்வொரு முறையும், "எங்கள் தொகுதிப் பணத்தைப் பிடுங்கி அவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்" என்ற கூச்சல் பெங்களூருவில் தவறாமல் எழும்.

இனி கதவுகள்.

கதவு 1: ஆளும் கட்சி எம்.எல்.ஏ.

முன்பெல்லாம் முதலில் கார்ப்பரேட்டரிடம் போவோம். மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் வருஷக்கணக்கில் தேர்தலே நடக்கவில்லை. 2025-ல் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்து, மேலே முதல்வர் தலைமையில் கிரேட்டர் பெங்களூரு ஆணையம் உட்கார்ந்தது. கார்ப்பரேட்டர் இல்லாத அந்த வருஷங்களில் தெருவிளக்கு முதல் ஏரி வரை எல்லாம் எம்.எல்.ஏ. வாசலுக்கு வந்து சேர்ந்தது.

காலை எட்டு மணிக்கு அந்த வாசலைப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்கூல் அட்மிஷனுக்குச் சிபாரிசுக் கடிதம் கேட்கும் அப்பா, கல்யாணப் பத்திரிகையோடு ஒரு குடும்பம், முழு அங்கீகாரம் இல்லாத சொத்துக்கான பி கட்டா பத்திரத்தைக் காட்டி ஏதோ விளக்கும் ஒருவர். பி.ஏ. உங்கள் மனுவை வாங்கியதும் முதல் பக்கத்தைப் படிக்க மாட்டார். நேரே கடைசிப் பக்கம். எத்தனை கையெழுத்து, எந்த வார்டு, இதில் எத்தனை பேர் வோட்டர் லிஸ்டில் இருக்கிறார்கள் என்று விரல் ஓடும். ஐ.டி. வேலைக்கு வந்த தமிழர்களின் பலவீனம் அங்கேதான் தெரிந்துவிடும். குடியிருப்பது பெல்லந்தூரில், வோட்டு கோயம்புத்தூரிலோ மதுரையிலோ. தலைமுறையாக இங்கேயே வோட்டுப் போடும் அல்சூர், ஈஜிபுரா, ஸ்ரீராமபுரம் தமிழர்களுக்கு அந்த வாசலில் கிடைக்கும் மரியாதை வேறு.

கட்சிகள் மனது வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அல்சூர்க்காரர்களுக்குத் தனியாகச் சான்று தேவையில்லை. 18 வருஷம் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறந்தது, பா.ஜ.க. முதல்வர் எடியூரப்பாவும் தி.மு.க. முதல்வர் கருணாநிதியும் பேசி முடித்ததால்தான். பதிலுக்குச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வஞ்ஞர் சிலை. அந்தச் சிலையிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் ஏரியில் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்தன. சிலை திறக்க இரண்டு முதல்வர்கள் போதும். சாக்கடைக்கு வாட்டர் போர்டு, மாநகராட்சி, வாரியம் மூன்றும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வர வேண்டும். அவர்களை வரவழைக்கும் சக்தி எம்.எல்.ஏ.வின் போன் ஒன்றுக்குத்தான் உண்டு. இந்தக் கதவின் பலமும் அதுதான்.

மறைந்த விலை: "ஏரி மேம்பாடு" என்று வரும் பணம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிகிற வேலைக்குப் போகும். நடைபாதை, வேலி, விளக்கு, குழந்தைகள் விளையாட ஊஞ்சல், திறப்பு விழாவுக்கு ஃபிளெக்ஸ். சாக்கடை மட்டும் பழைய வழியிலேயே வந்து சேரும். அதனால் மனுவில் 'ஏரியைச் சரிசெய்யவும்' என்று எழுதாதீர்கள். 'இந்தக் கல்வெர்ட்டுக்குக் கீழே ராஜகாலுவேயில் சேரும் குழாயை நிலத்தடிச் சாக்கடையோடு இணைக்கவும்' என்று படத்தோடு எழுதுங்கள். கன்னடத்தில் எழுதுங்கள்; ஆங்கில மனு கோப்பிலேயே தூங்கும்.

கதவு 2: எதிர்க்கட்சி

ஒரு வேலையைத் தடுக்க இதைவிட வேகமான வழி கிடையாது. இரும்பு மேம்பாலம் 2016 அக்டோபரில் மனிதச் சங்கிலியைப் பார்த்தது. சென்னைப் பசுமைத் தீர்ப்பாயம் இடைக்காலத் தடை கொடுத்தது. எதிர்க்கட்சி லஞ்சக் குற்றச்சாட்டை எடுத்துக்கொண்டது. 2017 மார்ச்சில் அரசே திட்டத்தைக் கைவிட்டது. மக்கள் மட்டும் நின்றிருந்தால் இவ்வளவு சீக்கிரம் முடிந்திருக்காது.

இங்கே பலர் பயன்படுத்தாத ஒரு கருவி இருக்கிறது: சட்டசபைக் கேள்வி. எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வோ மேலவை உறுப்பினரோ உங்கள் ஏரியைப் பற்றி எழுத்தில் கேட்டால் அமைச்சர் எழுத்தில் பதில் தர வேண்டும். எவ்வளவு ஆக்கிரமிப்பு, எவ்வளவு செலவு என்று அரசே ஒப்புக்கொண்ட காகிதம் அது. நாளைக்குக் கோர்ட்டில் அதை மறுப்பது எளிதல்ல.

விலை தெரிந்ததுதான். ஆட்சி கைமாறிய மறுநாள் உங்கள் நண்பர் போன் எடுக்க மாட்டார். அசோசியேஷனுக்கும் ஒரு கட்சி முத்திரை விழும். குழாய் போட, நிலையம் கட்ட இந்தக் கதவால் ஒன்றும் ஆகாது.

கதவு 3: மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்

செலவே இல்லை, புகார் எழுதினால் போதும். தனியார் தொழிற்சாலை, அபார்ட்மெண்ட், ஹோட்டல் கழிவு என்றால் இதுதான் முதல் கதவு. ஏரி நீரை வாரியம் தொடர்ந்து பரிசோதித்து ஏ முதல் இ வரை தரம் பிரிக்கிறது. பெங்களூரு ஏரிகள் பெரும்பாலும் டி அல்லது இ. டி என்றால் மீன் பிழைக்கலாம். அதற்கு லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது கரைந்த ஆக்சிஜன் வேண்டும். இ என்றால் பாசனம், தொழிற்சாலைக் குளிர்விப்பு போன்றவற்றுக்கு மட்டும். உங்கள் ஏரி எந்த எழுத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வாரியம் சுதந்திரமானது என்று நம்பிப் போகாதீர்கள். 1974 தண்ணீர்ச் சட்டப்படி தலைவரை நியமிப்பது மாநில அரசு. மாநில அரசு இடும் கட்டளைக்கு வாரியம் கட்டுப்பட்டது என்று அதே சட்டத்தின் 18-வது பிரிவு சொல்கிறது. தகுதி பார்த்து நியமிக்க விதிகள் வகுக்கும்படி 2017 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் மாநிலங்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது என்றால் நிலைமை புரியும். சாக்கடையை விடுவது வாட்டர் போர்டு என்றால், அரசின் ஒரு கை இன்னொரு கைக்கு நோட்டீஸ் கொடுக்கும். கதை பெரும்பாலும் அங்கேயே நிற்கும்.

இன்னொரு விலை, சங்கடமானது. நீங்கள் புகார் கொடுத்தால் ஆய்வுக்கு வருகிறவர் உங்கள் அபார்ட்மெண்ட் சுத்திகரிப்பு நிலையத்தையும் திறந்து பார்ப்பார். கரண்ட் பில்லை மிச்சப்படுத்த ராத்திரியில் மோட்டாரை நிறுத்தி வைக்கும் அசோசியேஷன்கள் உண்டு. புகாருக்கு முன் செக்ரெட்டரியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கதவு 4: பசுமைத் தீர்ப்பாயம், ஹைகோர்ட்

கர்நாடகம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வின் கீழ் வருகிறது. அமர்வு இருப்பது சென்னையில். இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை, ஆனால் எதிரே அரசு வக்கீலும் பில்டர் வக்கீலும் நிற்கும்போது வைத்துக்கொள்வதே புத்தி. காலக்கெடுதான் கழுத்தைப் பிடிக்கும். பிரச்சினை எழுந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். ஒரு கட்டடத்துக்குக் கொடுத்த சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்ப்பதானால் 30 நாள்தான். தக்க காரணம் காட்டினால் இரண்டுக்கும் இன்னும் 60 நாள்.

பலம் என்ன? ஆட்சி மாறினாலும் கேஸ் நம்பர் மாறாது. பெல்லந்தூர் ஏரி 2017 பிப்ரவரியில் தீப்பிடித்து எரிந்தபோது தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்தது, ஆண்டது காங்கிரஸ். 2018 டிசம்பரில் மாநில அரசுக்கு 50 கோடி, மாநகராட்சிக்கு 25 கோடி என்று அபராதம் போட்டு, 500 கோடியைத் தனிக் கணக்கில் ஒதுக்கச் சொன்னபோது கூட்டணி ஆட்சி. பெங்களூரு வளர்ச்சி ஆணையம் (பி.டி.ஏ.) தூர்வாரத் தொடங்கியது பா.ஜ.க. காலத்தில். மூன்று அரசுகளும் அதே வழக்குக்கு முன் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. எந்த எம்.எல்.ஏ. கடிதத்துக்கும் இந்த ஆயுள் கிடையாது.

விலை? முதலில் வருஷங்கள். அடுத்தது, நான் மிகவும் யோசிப்பது. ஆக்கிரமிப்பை அகற்று என்று உத்தரவு வந்தால் ஜே.சி.பி. முதலில் எங்கே போகும்? 2016 ஆகஸ்டில் காங்கிரஸ் ஆட்சியிலும், 2022 செப்டம்பர் வெள்ளத்துக்குப் பின் பா.ஜ.க. ஆட்சியிலும் ராஜகாலுவேக்களின் மேல் இடிப்பு நடந்தது. கடன் வாங்கி வீடு கட்டியவர்கள் தெருவுக்கு வந்தார்கள். வசதியான இடங்களிலிருந்து தடை உத்தரவு வந்தது. காலுவே ஓரம் தகரக் கூரை போட்டுக் குடியிருப்பவர்களில் கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஆக்கிரமிப்பு வழக்குப் போடுவதானால் மனுவிலேயே யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று சர்வே நம்பரோடு குறிப்பிடுங்கள், குடிசைகளுக்கு மாற்று இடமும் கேளுங்கள்.

ஒரு நுணுக்கம்: சட்டசபை இயற்றிய சட்டத்தையே எதிர்ப்பதானால் தீர்ப்பாயம் உதவாது. ஏரிக்கரை இடைவெளியைச் சட்டத் திருத்தத்தால் குறைத்தால், அதற்கு ஹைகோர்ட்தான்.

ஒரே பார்வையில்

| வழி | எதற்கு நல்லது | கைச்செலவு | ஆட்சி மாறினால் |
|---|---|---|---|
| ஆளும் கட்சி எம்.எல்.ஏ. | குழாய், நிலையம், துறைகளை ஒன்றாக வரவழைக்க | அலைச்சல் | பாதியில் நிற்கலாம் |
| எதிர்க்கட்சி | திட்டத்தை நிறுத்த, சட்டசபைப் பதில் வாங்க | கட்சி முத்திரை | குரல் அடங்கும் |
| வாரியம் | தனியார் கழிவு | இல்லை | தலைவர் மாறலாம் |
| தீர்ப்பாயம் | ஆக்கிரமிப்பு, அனுமதி, நீண்ட நாள் மாசு | 1,000 ரூபாயும் வக்கீலும் | நிற்கும் |

நானாக இருந்தால்

வீட்டுச் சாக்கடைதான் பிரச்சினை என்றால் எம்.எல்.ஏ. கதவைத்தான் முதலில் தட்டுவேன். அதற்கு முன் இரண்டு காகிதம். வாட்டர் போர்டின் 1916 எண்ணில் புகார் செய்து வாங்கிய பதிவு எண் ஒன்று. தகவல் அறியும் உரிமையில் கேட்டு வாங்கிய பதில் இன்னொன்று: ஏரி யார் வசம், சாக்கடை இணைப்புக்கு என்ன திட்டம்? கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். கர்நாடகத்தில் ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள் இருக்க வேண்டும். அந்தப் பதில் வந்த பிறகும் வேலை நகரவில்லை என்றால் அதே காகிதங்கள் சென்னைக்கு ரயில் ஏறலாம். ஆரம்பத்திலேயே கேஸ் போட்டுவிட்டு எம்.எல்.ஏ.விடம் போனால், 'கோர்ட்டில் இருக்கிறதே' என்று கையை விரித்துவிடுவார்.

தொழிற்சாலைக் கழிவு என்றால் வாரியம், பிறகு தீர்ப்பாயம், எம்.எல்.ஏ.வைத் தொட வேண்டாம், சில சமயம் தொழிற்சாலைக்காரர் உங்களுக்கு முன்பே அங்கே போயிருப்பார். மேம்பாலம், பில்டர் என்றால் எதிர்க்கட்சியும் தீர்ப்பாயமும் ஒரே வாரத்தில். 30 நாள் கெடு யாருக்காகவும் நிற்காது.

தேர்தல் வரும்போது மட்டும் வரிசை மாறும். தேதி அறிவித்த அன்றே நடத்தை விதி வந்துவிடும். புது வேலைக்குப் பூஜை போட முடியாது, அதிகாரியும் அதைச் சொல்லியே தப்பிப்பார். அதனால் ஆளும் கட்சிக்காரரிடம் அறிவிப்புக்கு முன்பே போங்கள், வேலை உத்தரவின் நகலைக் கையில் வாங்கும்வரை விடாதீர்கள். அறிவிப்புக்குப் பின் எல்லாக் கட்சி வேட்பாளரும் உங்கள் லே-அவுட்டுக்கு வருவார்கள். டீ கொடுத்து, கல்வெர்ட் வரை நடக்கவைத்து, என்ன செய்வார் என்பதைக் கன்னடத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தோற்றவரின் காகிதத்தையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த ஐந்து வருஷத்துக்குச் சட்டசபையில் கேள்வி கேட்கப்போவது அவர் கட்சிக்காரர்கள்தான்.